காலாட்டாதே

என் தம்பி உட்கார்ந்தால் போதும், கால் ஆட ஆரம்பித்துவிடும். சாப்பிடும்போது ஆடும், படிக்கும்போது ஆடும், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. "காலாட்டாதடா, வூட்டுக்கு ஆவாது" என்று அம்மா தொடையில் ஒன்று வைப்பாள். கொஞ்சம் நிற்கும். அவள் அடுப்படிக்குத் திரும்பியதும் மறுபடி ஆடும். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டின் தினசரிச் சண்டை இதுதான்.

பிள்ளைச்சாவடி பக்கம் பைக்கில் போனவனை லாரி அடித்துப் போட்டது. தெருவே மாரடித்து அழுதது. அம்மா மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகும் அழவில்லை. தூக்கம் போயிற்று. கழுத்து விறைத்துத் திரும்ப மறுத்தது. மாத்திரை எழுதித் தந்த டாக்டருக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள்: "அப்பவே நாலு சாத்து சாத்தி நிறுத்தியிருக்கணும். வுட்டுட்டேன்."

லாரி அடித்ததற்கும் கால் ஆட்டியதற்கும் என்னம்மா சம்பந்தம் என்று கத்தினேன். காது கொடுத்தால்தானே.

உடம்பில் தங்கிப்போன அதிர்ச்சியை வெளியேற்றும் பயிற்சி ஒன்று லாஸ்பேட்டையில் ஒரு மாடி ஹாலில் நடக்கிறதென்று ஆபீசில் சொன்னார்கள். பிரான்சிலிருந்து திரும்பிவந்த தமிழம்மா ஒருவர் நடத்துகிறார்; எல்லோருக்கும் அவர் மதாம். "ஆட்டம் போடற வயசாடி எனக்கு?" என்ற அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

தொடை வலிக்கும்வரை சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்தபடி நிற்க வேண்டும். பிறகு பாயில் மல்லாந்து, முட்டியை மடக்கிப் படுக்க வேண்டும். அம்மா புடவைமேல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "கால் தானா ஆடும். நிறுத்தாதீங்க, ஆடவிடுங்க" என்றார் மதாம்.

எனக்கு ஆட ஆரம்பித்தது. பக்கத்துப் பாயிலிருந்து அம்மா எழுந்து என் முட்டியை அழுத்திப் பிடித்தாள்.

"ஆட்டாதடி. ஆவாது."

"இன்னும் என்னம்மா ஆவறதுக்கு இருக்கு?"

வெடுக்கென்று வந்துவிட்டது. அவள் கையை எடுத்துக்கொண்டு படுத்தாள். மதாம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், தொடவில்லை. சற்று நேரத்தில் போர்வை நடுங்கியது. வலது முட்டி ஆடத் தொடங்கியது. அம்மா அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. தலையைத் தூக்கித் தன் முட்டியையே பார்த்தாள்.

"அவன் ஆட்டற மாதிரியே ஆடுதுடி."

"ஆடட்டும்மா."

மற்றவர்கள் முடித்துப் பாயைச் சுருட்டினார்கள். அம்மா எழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆட்டம் மெல்லக் குறைந்து, ஓய்ந்தது. அவள் முட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

"ஐயோ, நின்னுடுச்சே" என்றாள். அப்போதுதான் அழுதாள்.