வனாமிக் குளத்துக்காரி

என் மனைவி பிரஷாந்தியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் "சரியான பிடிவாதக்காரி" என்பார்கள். சொல்கிறவர்கள் அவளோடு ஒரு கிழமை குடும்பம் நடத்திப் பார்க்கட்டும். பதினெட்டு வருடமாக நடத்துகிறவன் நான்.

தன்னாமுனைக்குப் பக்கத்தில், நாங்கள் ஆறு என்று சொல்கிற வாவியின் கரையோரம் எங்களுக்கு ஒரு துண்டு உவர் நிலம் கிடந்தது. நெல்லும் வராது, தென்னையும் வராது. அதில் குளம் வெட்டி வனாமி இறால் வளர்க்கப்போவதாக அவள் சொன்னபோது நான் சிரித்தேன். வனாமி நம்முடைய வாவியில் பிறந்ததல்ல. அமெரிக்கப் பக்கத்துக் கடலில் இருந்த இனம். இங்கே கொண்டுவந்து வளர்க்கிறார்கள். சட்டென்று வளரும். வாவிக்குள் தப்பிப் போனால் என்ன செய்யும் என்றுதான் எல்லோருக்கும் பயம்.

மீனவர் சங்கம் கொதித்தெழுந்தது. தலைவர் இக்னேஷியஸ் அண்ணன் கூட்டத்தில் மேசையைத் தட்டினார். "வெளிநாட்டு இறாலும் அதின்ட நோய் வருத்தமும் ஆத்துக்குள்ள பூந்தா நாங்க எங்க போறது? விதைச்சுத் தின்ன எங்களுக்கு வயல் வட்டையா கிடக்கு?"

பிரஷாந்தி எழுந்து நின்றாள். அவளுடைய சொந்த அண்ணன்மார் இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தில் வலைக்காரர்களாக உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு இறாலோ மருந்து போடாத ஒரு சொட்டுத் தண்ணியோ என்ட குளத்திலருந்து ஆத்துக்கு வராது அண்ணன். வந்தா நீங்களே மண்ணப் போட்டு மூடுங்க."

"எழுதித் தா பாப்பம்" என்றார் அவர். அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் என் பாடு திண்டாட்டமானது. அனுமதி எடுக்க ஒரு வருடம். குளம் வெட்ட ஏழு மாதம். குளத்தைச் சுற்றி நண்டு ஏறாமல் வேலி, கொக்கு இறங்காமல் மேலே வலை. உள்ளே போகுமுன் மருந்துத் தண்ணீரில் கால் கழுவவேண்டும். கோயிலுக்குப் போகும்போதுகூட நான் இத்தனை தடவை கால் கழுவியதில்லை. வாவித் தண்ணீரையும் நேரே விடமாட்டாள். வேறொரு குழியில் இறைத்து, குளோரின் போட்டு, நாள்கணக்கில் ஆறவிட்டு, வடித்த பிறகுதான் குளத்துக்குள் போகும். வாவிப் பக்கம் ஒரு மதகு இருந்தது; அறுவடை முடிந்து, மருந்து போட்ட தண்ணீரை வெளியே விட மட்டும்.

எனக்கோ இளவயதில் கறுப்பு இறால் பண்ணையில் வேலைசெய்த அனுபவம். அங்கே பறுவ நாளில், முழுநிலாவுக்கு வாவி பெருகும்போது மதகுப் பலகையைத் தூக்கிவிடுவோம். புதுத் தண்ணீர் பட்டால் இறால் ஓடு கழற்றும், மளமளவென்று வளரும். இதெல்லாம் இரண்டு கிழமைப் பயிற்சிக்குப் போய்வந்தவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குள் ஒரு கொழுப்பு இருந்தது. மறைக்கமாட்டேன், இருந்தது.

இறால் குஞ்சு விட்டு எழுபதாம் நாள், பங்குனிப் பறுவம். தெரிந்த ஒருவரிடம் தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்க அவள் வந்தாறுமூலைக்குப் போயிருந்தாள். பகல் வெயிலில் இறால்கள் சோர்ந்து தெரிந்தன. வாவி நிறைந்து கிடந்தது. நம்மட ஆத்துத் தண்ணிதானே என்று நினைத்துப் பலகையைத் தூக்கினேன். அரை மணித்தியாலம் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. திரும்ப அடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் சோறு தின்றேன்.

ஐந்தாம் நாள் காலை இறால்கள் கரையில் ஒதுங்கின. பிரஷாந்தி ஒன்றை எடுத்துத் தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். வெண்புள்ளி நோய்.

"மதகத் திறந்தீங்களா?"

பொய் சொல்ல வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "ஓம்" என்றேன்.

அவள் போய் மதகுப் பலகையின் இடுக்கில் களிமண் அப்பினாள்.

ஏறாவூர் இறால் வியாபாரி நளீர் நானாவை நான்தான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவர் பார்த்துவிட்டு, "தின்னுற ஆக்களுக்கு இதால ஒண்டுமில்ல தங்கச்சி. மதகத் திறந்து தண்ணிய வடிய விட்டா ஒரு மணித்தியாலத்தில எல்லாத்தையும் வலையில அள்ளலாம். நாளைக்கெண்டா செத்துப்போகும்" என்றார். உள்ளதைத்தான் சொன்னார்.

"திறக்கேலாது நானா. தண்ணியோட வருத்தமும் ஆத்துக்குப் போகும்" என்றாள் பிரஷாந்தி.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "வருத்தம் ஆத்திலருந்துதானே வந்த? ஆத்துக்கே போகட்டும்!"

"வரக்குள்ள ஒரு நண்டில வந்திருக்கும். இப்ப லெச்சம் இறால்ல நிக்குது. அதையா என்ட அண்ணன்மார்ர வலைக்குள்ள விடச் சொல்றீங்க?" என்று கேட்டவள், போய் மதகின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். "பலகையத் தொடுறெண்டா முதல்ல என்னைத் தூக்கி ஆத்துக்குள்ள போட்டுட்டுத் தொடுங்க."

நளீர் லொறியைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று மத்தியானமே குளோரின் தூள் மூட்டைகள் வந்தன. அவள் அழுதாள். அழுதுகொண்டே கரைத்தாள், அழுதுகொண்டே ஊற்றினாள். பின்னேரம் குளம் முழுக்க இறால் செத்துக் கிடந்தது. ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்குத் தானாகப் போய் நின்றாள். "என்ட குளத்துக்கு வருத்தம் வந்திட்டு. மதகால தண்ணி உள்ள வந்தது என்ட பிழை, நான் பூட்டுப் போட்டிருக்கோணும். எல்லாத்தையும் குளத்துக்குள்ளேயே சாகடிச்சிட்டன். மூடுறெண்டா மூடுங்க."

என் பெயரை அவள் சொல்லவேயில்லை. நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். எழுந்தேன். "அவள்ர பிழையில்ல. திறந்தது நான்."

"தெரியும் நல்லரத்தினம். அஞ்சாறு நாளா உன்ட மூஞ்சியே சொல்லுது" என்றார் இக்னேஷியஸ் அண்ணன். பிறகு பிரஷாந்தியைப் பார்த்தார். "மூடச் சொல்ல எங்களுக்கு வாயில்ல தங்கச்சி. நீ சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாய். ஆனா அந்த மதகு கிடக்குமட்டும் எனக்கு நித்திரை வராது."

"எனக்கும்தான் அண்ணன்" என்றாள். "இனி மதகே வேணாம். கழிவுத் தண்ணியையும் குழிக்கே இறைக்கிறன்."

மறுநாள் விடிந்ததும் கல்லும் சீமெந்தும் வந்து இறங்கின. மேசன் எங்கே என்று கேட்டேன். சாந்து பூசும் சாந்தகப்பையை என் கையில் தந்தாள். பறுவத்துக்குப் பறுவம் மதகு திறந்து பழகிய கையால் மதகை அடைக்கத் தொடங்கினேன். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கல்லையும் பார்த்தாள்.

"குஞ்சுக்குச் சொல்லிட்டன், அடுத்த மாசம் வருது" என்றாள். பிறகு குனிந்து ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதில சாந்து காணாது. இன்னும் பூசுங்க."

நான் இன்னும் பூசினேன்.