பண்ணாடிக்குக் காட்டிய நீலம்

தனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் என் பெரியப்பா செய்த முதல் காரியம், அதைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆளை நியமித்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே அவருக்கு வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டிருந்த நிலமெல்லாம் புதிய நிலச் சட்டத்தில் உழுதவர்களுக்குப் போய்விட்டது. குடை பிடிக்கவும் வெற்றிலைச் செல்லம் தூக்கவும் செருப்பை எடுத்து வைக்கவும் இருந்த ஆட்கள் மட்டும் போகவில்லை. அவர்கள் அவரைப் பண்ணாடி என்றார்கள். பண்ணாடி தன் கையால் ஒரு தீக்குச்சி உரசியதாகச் சாட்சி சொல்ல ஊரில் யாரும் கிடையாது.

வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். சர்க்கரை இறங்காவிட்டால் முதலில் விரல் போகும், அப்புறம் பாதம் போகும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கவும் ஊசி போடவும் கற்றுக்கொள்ள நர்ஸ் சிஸ்டரைப் பார்க்கச் சொன்னார். பெரியப்பா, தான் நியமித்த ஆளான காரியஸ்தரை அனுப்பினார்.

அந்த சிஸ்டர் இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். துரைமாரின் அதட்டலைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, அதட்டும் வேலையை இப்போது தானே எடுத்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை யாருக்கு?"

"பண்ணாடிக்குங்க."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீக?"

"கத்துக்கிட்டு வரச் சொன்னாருங்க."

"ஊசியையும் நீங்களே போட்டுக்கிடுவீகளா? போயி ஆளைக் கூட்டிட்டு வாங்க."

அடுத்த வாரம் பெரியப்பா காரில் போனார். கோயம்புத்தூரில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்த நான் விடுப்பில் வந்திருந்தேன். படித்தவன் ஒருவன் கூட இருக்கட்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு நிறையச் சர்க்கரைக்காரர்கள். சிஸ்டர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிக் காட்டினார். காய்ச்சிய பிறகும் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் மோசம். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் இன்சுலினைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பின்னால் சுவரில் உணவு அட்டவணை தொங்கியது: ஓட்ஸ், ஆப்பிள், வெண்ணெய் தடவாத ரொட்டி. அந்தப் பெஞ்சில் ஓட்ஸைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை. சிஸ்டரும் பார்த்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். ஆனாலும் குச்சியால் தட்டித் தட்டி அதையும் நடத்தி முடித்தார்.

பெரியப்பா பஞ்சாயத்துக்கு வந்தவர் போல் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். செய்து பாருங்கள் என்று சிஸ்டர் குழாயை நீட்டியதும், பின்னால் நின்ற காரியஸ்தர் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"ஐயா, உங்க கைக்கு என்ன?"

"கைக்கு ஒண்ணுமில்லீங் அம்மிணி. ஆளிருக்கறப்ப நானெதுக்கு?"

"நான் அம்மிணி இல்ல, சிஸ்டர்."

"செரீங் சிஸ்டர் அம்மிணி."

வீட்டில் எந்த அடுப்பிலும் அந்தக் குழாயை ஏற்றப் பெரியம்மா சம்மதிக்கவில்லை. ஆகவே பரிசோதனை தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனது. முதல் நாள் காரியஸ்தர் குழாயை வெள்ளைத் துணியில் ஏந்தி வந்து வாசலில் நின்றார். செங்கல் நிறம்.

"என்னப்பா பண்ணித் தொலைச்சே?" என்று பெரியப்பா கத்தினார். "காலங்காத்தால இதக் கொண்டாந்து மூஞ்சிக்கு முன்னால நீட்டற!"

மறுநாள் நீலம். அதற்கு மறுநாளும் நீலம்.

வந்தவர்களுக்கெல்லாம் பெரியப்பா குழாயைக் காட்டினார். "நம்ம ஒடம்பு சொன்னாக் கேக்குமுங்க" என்றார். இன்சுலினைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். நீலத்தைக் கொண்டாட வெல்லப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுடச் சொன்னார்.

நான் அடுத்த முறை வந்தபோது விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் சிஸ்டர் காய்ச்சிய குழாய் செங்கல்லாகச் சிவந்தது.

"ஊட்டுல தெனமும் நீலந்தான். உங்க மருந்து பழசுங் அம்மிணி."

சிஸ்டர் அவரை விட்டுவிட்டுக் காரியஸ்தரைக் கேட்டார். "எப்படிக் காய்ச்சுனீக?"

"காய்ச்சறதுக்கு முன்னாலயே கொண்டு போயிக் காட்டிருவனுங்க. அப்ப நீலமாத்தானுங்க இருக்குது."

"காய்ச்சுனா?"

"செவந்துருதுங்க. செவந்ததப் பண்ணாடிகிட்ட எப்படிங்க காட்டறது?"

அவர் குரலில் குற்றவுணர்ச்சி துளியும் இல்லை. மரியாதை தெரியாத ஊர்க்காரிக்கு மரியாதையை விளக்குகிற பொறுமைதான் இருந்தது.

"நல்லாருக்கு," என்றார் சிஸ்டர். "பாடம் கேக்க இவரு, காய்ச்ச இவரு. விரல வெட்டவும் இவரையே படுக்க வச்சிருவமா?"

பெஞ்சில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ஆபரேஷன் அறைக்குள் துணைக்கு ஆள் வர முடியாது என்பது பெரியப்பாவுக்குப் புதிய செய்தி. தனியாகப் போனார். விரல் இல்லாமல் வந்தார்.

வீட்டுக்கு அனுப்பும் முன் சிஸ்டர் ஸ்பிரிட் விளக்கையும் தீப்பெட்டியையும் கட்டிலில் வைத்தார். "பாதமாச்சும் மிஞ்சணும்னா நீங்களே பத்த வைங்க." பெரியப்பா உரசிய குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடிந்தன. வாசற்படியில் தவித்த காரியஸ்தரைப் பார்த்து சிஸ்டர், இனி காய்ச்சுகிற நேரத்தில் பக்கத்தில் வரவே கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ஒருவழியாக ஒரு குச்சி பற்றியது. பெரியப்பாவின் கைவிரல் நுனியையும் சுட்டது.

மறுநாள் காலை மோட்டார் ரூமில் அவரே காய்ச்சினார். குழாய் பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சில் வந்து நின்றது. பெரியப்பா வாயைத் திறந்து, திட்ட ஆள் தேடித் திரும்பினார். காரியஸ்தர் தூரத்து வரப்பில் குடையோடு நின்றார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். நான் பத்திரிகைக்காரன் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டார்.

குழாயை முறைத்தார். பிறகு குனிந்து, கட்டுப் போட்ட பாதத்தைப் பார்த்தார்.

"ஊசிய எடுத்துட்டு வா," என்றார்.

நான் அசையவில்லை. அவர் எழுந்து, நொண்டிக்கொண்டே போய், தானே எடுத்தார்.