அருவிக்குப் பக்கத்தில் மேல்வலி

தென்காசியில் வாழ்க்கைப்பட்டவளுக்கு மேல்வலி வரக்கூடாது. வந்தாலும் வெளியே சொல்லக்கூடாது. எங்கெங்கோ இருந்து ஜனங்கள் வந்து குற்றாலத்தில் நின்று வலியைத் தீர்த்துக்கொண்டு போகும்போது, பக்கத்திலேயே குடியிருக்கிறவளுக்கு என்ன கேடு?

அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமாகி நாலைந்து வருஷத்தில், எனக்கு அது வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. தோள், முழங்கால், பாதம் என்று வலி தினமும் வீடு மாற்றும். தலைவலி மட்டும் சொந்த வீட்டுக்காரி மாதிரி இருந்த இடத்திலேயே இருக்கும். டாக்டர் வாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய் இது என்று மதுரையில் ஒரு டாக்டர் சொன்னது வெகுகாலம் கழித்துத்தான். அதுவரை நானாகச் சமாளித்தேன். அடுப்பு மூட்டியதும் வெந்நீர் வைத்துக் கைகளை ஊறப்போடுவேன். காபி டம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்குவேன். தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆள் அரவம் கேட்டதும் அவிழ்த்துவிடுவேன்.

"குத்தாலத்த வாசல்ல வச்சுக்கிட்டு மேல்வலிங்கா. வெளிய சொன்னா சிரிப்பாவ" என்பார் மாமியார். கெட்ட மனுஷி இல்லை. சாரல் காலம் தொடங்கினால் வீடு நிறைய உறவு வந்து இறங்கும். சமைக்கக் கை வேண்டுமே.

அந்த ஆடியில் கணவர் என்னை ஜட்காவில் ஏற்றி ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய் நின்றேன். தலையில் விழுந்த தண்ணீர் உலக்கையால் குத்துவதுபோல இருந்தது. சுற்றிலும் பெண்கள் கூச்சலிட்டுச் சிரிக்க, நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அது ஒன்றுதான் அங்கே சௌகரியம்.

வெளியே அவர் துண்டோடு காத்திருந்தார். "இப்பம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்த பிறகு வேறென்ன சொல்ல? "பரவாயில்ல" என்றேன். வீடு போய்ச் சேர்ந்ததும் தன் அம்மாவிடம் "அவளுக்குச் சரியாப் போச்சு" என்றார்.

அதோடு வலிக்கிறது என்று சொல்லவே வழியில்லாமல் போயிற்று. வருகிற உறவுக்கெல்லாம் அருவியின் மகிமைக்கு என்னையே சாட்சி காட்டினார்கள். சிரித்துக்கொண்டு நிற்பேன். இந்த வலி நிஜம் என்று ஒரே ஒருத்தர் நம்பினால் போதும் என்று ஏங்கினேன்.

அடுத்த சாரலுக்கு வாசுதேவநல்லூரிலிருந்து, கணவருக்குத் தங்கை முறையில் ஒருத்தி வந்தாள். அடுக்களையில் வைத்து அவளுக்குக் காபி கொடுத்தேன். டம்ளரை விரலால் தொடாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வாங்கினாள். நான் பிடிக்கிற அதே பிடி.

"மதினி, ஒங்களுக்கு அருவியில நின்னு சரியாப் போச்சாமே?"

பக்கத்தில் யாரும் இல்லை. "சரியாவல தாயி. இன்னைக்கும் வலிக்கு. யார்ட்டயும் சொல்லல, ஒங்கிட்டதான் சொல்லுதேன்" என்றேன். என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழலாம் என்றுகூட நினைத்தேன்.

அவள் முகம் செத்துப்போனது. பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்பம் ஒங்களுக்கு வந்தது வேற வலியா இருக்கும் மதினி."

வாசலில் ஜட்கா வந்து நின்றது. எண்ணெய்க் கிண்ணத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தூக்கிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், அவள் அருவிக்குப் புறப்பட்டுப் போனாள்.