அமலராணியின் செங்கல்

செல்லம்மாவின் மகளுடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1982 மாசியில், ஆஸ்பத்திரிக்குப் போக ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதே வலி முற்றி, மூச்சில்லாமல் பிறந்தவள் அவள். ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்பதால் கோயில் ஏட்டில் எழுதவில்லை. கல்லறைத் தோட்டத்து மூலையில் புதைத்தார்கள், சிலுவைகூட நடவில்லை. பெற்ற வயிறு மட்டும் மறக்குமா?

அந்தச் சாவுக்குப் பிறகுதான், மாடம்பாக்கம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் உழைத்த கோயில் பங்கு மக்கள் தங்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்டக் கிளம்பினார்கள். வீட்டுக்கு நூறு கல். அதில் ஒன்றில் வீட்டுக்காரர் பெயரை எழுதிச் சுட வேண்டும். செல்லம்மா புருஷன் பெயரை எழுதவில்லை. மனதுக்குள் மட்டுமே கூப்பிட்டு வந்த பெயரை ஈரக்கல்லில் குச்சியால் ஆழமாகக் கீறினாள்: அமலராணி.

கொத்தனார் ஏசுபாதமோ எழுத்து மேலே இருக்கும்படி கல்லை வைத்து, அதன்மேல் கலவையைக் கொட்டி, அடுத்த வரிசையை அடுக்கிவிட்டார்.

“பேரு வெளியில தெரியலியேண்ணா?”

“பள்ளத்துல கலவ எறங்குனாதாம்மா செவுரு நிக்கும். இது இன்னா, போர்டா மாட்டி வெக்க?”

செல்லம்மா அங்கேயே பிரசவ வார்டில் ஆயாவாகச் சேர்ந்தாள். எத்தனையோ பேர் பிள்ளைகளைத் துணியில் ஏந்தினாள். போகும்போதும் வரும்போதும் ஜன்னலுக்குக் கீழே அந்தச் சுவரைத் தொடுவாள். இடுப்பு வலி, பிடித்து நடக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

1996இல் வார்டைப் பெரிதாக்க அந்தச் சுவரையே இடித்தார்கள். செல்லம்மா இடிபாட்டுக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டினாள்.

“இன்னாம்மா, தங்கம் கிங்கம் பொதச்சு வெச்சிகிறியா?” என்றார் ஏசுபாதம். இப்போது அவருக்குத் தலை நரைத்திருந்தது.

“ஆமாண்ணா.”

கிடைத்தது. ஆனால் சம்மட்டி பட்டு மூன்று துண்டாகி, எழுத்து பொடிந்திருந்தது. செல்லம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். ஏசுபாதம் மெல்லக் குனிந்து, கல்லை விட்டுப் பெயர்ந்து கிடந்த கலவைப் பாளத்தைத் திருப்பினார். பள்ளத்தில் இறங்கிய கலவை, எழுத்தாகப் புடைத்து நின்றது. இடம் வலமாய், ஓரெழுத்தும் குறையாமல்.

“அ... மலராணி. யாரும்மா இது?”

“எம் பொண்ணுண்ணா.”

பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“புதுச் செவுத்துல, இந்தத் தபா எல்லாருக்கும் தெரியற மாதிரியே பதிச்சிடறேம்மா.”

செல்லம்மா புடைத்த எழுத்துகளை விரலால் தடவினாள். ஒரு கன்னத்தைத் தடவுவதுபோல, வெகுநேரம்.

“வேணாண்ணா. உள்ளாறயே வை. வெளிச்சம் பட்டா அவளுக்குக் கண்ணு கூசும்.”