காப்பு கட்டிய ஊரிலிருந்து அக்கா எழுதிய பரீட்சை

அக்கா பரிமாறாமல் நாம் எல்லோரும் இந்த வீட்டுப் பந்தியில் அமரும் முதல் வருடம் இது. வயிறார உண்டபின், அக்காவின் நினைவாக நான் எழுதிய இதையும் வாசிக்க வேண்டுகிறேன்.

திருமுக்கூடலில் கூலி வேலை செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. எட்டாவதோடு படிப்பு நின்றது. உத்திரமேரூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு, பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தார். 1960களில், இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, மருத்துவச்சிப் பயிற்சியில் சேர ஆசைப்பட்டு எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாகப் படித்து எழுதினார். கணக்கு காலை வாரியது. மறுமுறையும் தவறினால் பயிற்சிக்கு வயது கடந்துவிடும்.

பரீட்சை காஞ்சிபுரத்தில். ராஜகுளத்தில் சித்தி வீட்டில் தங்கி எழுதுவதாக ஏற்பாடு. அதே வாரம் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. காப்பு கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. அந்தத் தேதிக்கு முதலில் கை தூக்கியவர் யார் தெரியுமா? அக்காவின் வீட்டுக்காரர், என் மாமாவேதான்!

"ஊர் நடுவுல கைய தூக்கலன்னா உனுக்குத் தூக்கம் வராதே!" என்றார் அக்கா.

"பரீட்ச நெனப்பே வர்லமே. இப்ப இன்னா பண்றது?"

மாமியார்தான் தீர்ப்புச் சொன்னார்: "பொழுது சாய ஊடு வந்து சேந்தா அம்மன் இன்னா கேக்கப் போவுது? பசங்கள நான் பாத்துக்கறேன். நீ இட்டுக்கினு போயி இட்டுக்கினு வாடா."

தினமும் விடியலில் உத்திரமேரூர் வரை மாமாவின் சைக்கிள், அங்கிருந்து பஸ். காப்பு கட்டிய வீட்டில் தாளிக்கக்கூடாதே, கட்டிக்கொண்டு போனது வெறும் தயிர்ச்சோறு. ஊர்ப் பெரியதனக்காரருக்கு மட்டும் மனத்தாங்கல். "காப்பு கட்டின ஊர்ல ஒரு பொம்பள தெனம் எல்ல தாண்டறா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கணக்குப் பரீட்சையன்று நடுவழியில் சைக்கிள் செயின் அறுந்தது. எதிரே தீமிதிக்குக் கட்டை ஏற்றிய மாட்டு வண்டி. ஓட்டி வந்தவர் அதே பெரியதனக்காரர். அக்கா ஒதுங்கி நின்றாராம்.

"இன்னிக்கு இன்னா பரீட்ச?"

"கணக்கு, பெரிப்பா."

"போன தபா கவுத்துச்சே, அதுவா? இன்னா நின்னுக்கினு கீற, கட்ட மேல ஏறு!"

"அம்மனுக்குப் போற கட்டையாச்சே" என்று மாமா இழுத்தார்.

"நாளிக்குதானடா எரியப் போவுது, நகுரு!"

வண்டியைத் திருப்பி ஓட்டினார். பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே வண்டியை நிறுத்தி, "எங்கூட்டுப் பொண்ணு பரீட்சைக்குப் போவுது" என்று டிரைவரிடம் சத்தம் போட்டாராம்.

அக்கா தேறினார். பயிற்சி முடித்து, இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றார். பேரப்பிள்ளைகள் சூழ, அதிகம் படுக்காமல் கண்மூடினார். கடைசி நாட்களில் தாயாய்ப் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், அழைத்த நேரமெல்லாம் வந்த நர்சம்மாவுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஊராருக்கு நான் சொல்லும் நன்றியை அக்கா எப்போதோ சொல்லிவிட்டார். படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் 'நான் பாஸ் பண்ணேன்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"அந்த வருசம் நாங்க பாஸ் பண்ணோம்" என்பார்.