கரப்பானுக்கு அடித்த மருந்து இறாலுக்குப் போனது

கலேவெலயில் எங்கள் வீட்டு முன்னறையில் சோபா போட வேண்டிய இடத்தில் கடல் இறால் தொட்டி நிற்கிறது. காய்கறி லொறி ஓட்டும் என் கணவர் திருகோணமலைப் பக்கம் போனால், கேன்களில் கடல் தண்ணீரோடுதான் திரும்புவார். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அழகு இறால்கள். போன மாதம் ஒன்றுக்கு வயிற்றில் முட்டை பிடித்தது. அன்று முதல், "தொட்டிய தட்டாத, சும்மா சும்மா லைட்ட போடாத" என்று எனக்கு ஒரே உத்தரவு.

ஒரு காலையில் அவர் லொறியோடு போன பிறகு, சமையலை முடித்துக் குசினியில் கரப்பான் மருந்து அடித்தேன். தொட்டி அடுத்த அறையில்தானே என்று கவலைப்படவில்லை. சிறிது நேரத்தில் வந்து பார்த்தால், இறால்கள் துள்ளித் துள்ளி விழுகின்றன. இரண்டு மல்லாந்து கிடந்தன. பதறிப்போய் அவருக்கு ஃபோன் எடுத்து, மருந்து அடித்ததைச் சொன்னேன்.

"காத்து மோட்டார் எங்க இருக்கு?" என்று கத்தினார்.

"சத்தம் தாங்கலன்னு நீங்கதானே குசினி அலமாரியில வச்சீங்க!"

மருந்துக் காற்றை மோட்டார் உறிஞ்சி, குழாய் வழியே தண்ணீருக்குள் ஊதியிருக்கிறது. அவர் சொன்னபடி அதை நிறுத்திவிட்டு, கையை நன்றாகக் கழுவி, முட்டைக்காரியை முதலில் தூக்கி, கேனில் மிச்சமிருந்த கடல் தண்ணீரில் விட்டேன். அவள் ஒருத்திதான் பிழைத்தாள். நாலாம் நாள் தூசு மாதிரிக் குஞ்சுகள் பொரித்தன.

"அத்தனை சட்டம் போட்டீங்களே, இத ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"ஒனக்கே தெரியும்னு நெனச்சேன்" என்கிறார்!

மோட்டாரை முன்னறைக்கே கொண்டுவந்துவிட்டேன். அந்தச் சத்தத்தை அவரும் கேட்கட்டும். கரப்பானுக்கு இப்போதெல்லாம் மருந்து அடிப்பதில்லை, செருப்புதான்.