கிளின்ரன் என்ற பெயருக்கு உரியவன்

நான் கிளின்ரன். வயது இருபத்துமூன்று. லண்டன் நோர்பரியில் ஒரு வீட்டின் மேலறையில் இருக்கிறேன். இதை நம் குடும்பக் குழுவுக்குப் போனில் சொல்லி எழுதுகிறேன். கட்டுக்கதை இல்லை. நேற்று நடந்தது.

எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு கிளின்ரன். மிஷன் காலத்தில் எங்கள் ஊர் மானிப்பாய்க்கு வந்த அமெரிக்க மூதாதையின் பெயர் என்று சொல்லித்தான் வளர்த்தீர்கள். அஞ்சலீனா அக்காவின் மகனுக்கும் இன்று பின்னேரம் ஞானஸ்நானத்தில் அதையே வைக்கிறீர்கள். "அவற்ற விவரம் தேடித் தாடா, சேர்ச்சில வாசிக்க வேணும்" என்று அக்காதான் கேட்டாள்.

"ஆளைக் கண்டுபிடிச்சா எனக்கும் ஒரு அமெரிக்க விசா எடுத்துத் தா மச்சான்" என்று அறைத்தோழன் லக்‌ஷன் பகிடி விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

பழைய கல்லறைகளைப் படம் பிடித்துப் போடும் அமெரிக்க இணையத்தளம் ஒன்றில் அவருடைய கல்லறையைக் கேட்டு வைத்திருந்தேன். நேற்று இருட்டுகிற நேரம் படம் வந்தது. கிளின்ரன் பேர்லி. வீட்டில் சொல்லும் முழுப்பெயர் சரி. அவருடைய அமெரிக்க ஊரும் சரி. ஆனால் கல் மிகச் சிறியது. மேலே ஓர் ஆட்டுக்குட்டி செதுக்கியிருந்தது.

இறந்தபோது வயது ஐந்து.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏது வம்சம்?

டொக்... டொக்...

கதவு. முழங்கால் உயரத்தில் தட்டும் சத்தம். இந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை.

"லக்‌ஷன்?"

இருமல். சின்ன இருமல்.

"யாரது?"

"கிளின்ரன்."

பிள்ளைக் குரல். வெள்ளைக்காரப் பிள்ளை.

"நான்தான் கிளின்ரன்..."

"நோ."

கதவுப்பிடி மெல்ல இறங்கியது. பாய்ந்து கதவை முதுகால் அழுத்தினேன். சத்தம் நின்றது.

பிறகு லக்‌ஷன் வந்தான். "கிளின்ரன், திறடா!"

நான் வாய் திறக்கவில்லை.

"யெஸ்" என்று பதில் போனது.

அறைக்குள் இருந்து...

காலையில், எங்கள் ஊர் மிஷன் வரலாறு தெரிந்த, ஹரோவில் இருக்கும் யாக்கோப்புப் போதகருக்குப் போன் எடுத்தேன்.

"உங்கட மூதாதை அமெரிக்கன் இல்லைத் தம்பி. மானிப்பாய்ப் பெடியன். மிஷன் போர்டிங்கில ஒரு பிள்ளையைப் படிப்பிக்கக் காசு அனுப்பிற அமெரிக்க ஆக்கள், செத்துப்போன தங்கட பிள்ளையின்ர பெயரை அந்தப் போர்டிங் பிள்ளைக்கு வைக்கச் சொல்லுவினம்."

"அந்தப் பிள்ளை பெயரைத் திருப்பிக் கேட்டா, ஐயா?"

அவர் ஜெபிக்கத் தொடங்கினார்.

அக்காவின் போன் ஓவ் செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் எல்லோரும் சேர்ச்சுக்குப் போயிருப்பீர்கள். கதவு எனக்குத் திறப்பதில்லை, எனக்கு இனி வழி இல்லை. லக்‌ஷன் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அதுதான் முந்திக்கொண்டு என் பெயருக்குப் பதில் சொல்கிறது.

ஆர் இதைப் பாத்தாலும், சேர்ச்சுக்கு ஓடுங்கோ. பிள்ளைக்கு வேற பெயர் வைக்கச் சொல்லுங்கோ.